மந்திரித்த மண்

சாயக்கடை ஜெயசிங் வீட்டில் ஒரே ஜெபமாலையை இரண்டு தமிழில் சொல்வார்கள் என்பது இந்தக் கதையை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று தொடங்குவார். மகன் பெத்துராஜ் வேண்டுமென்றே குரலை உயர்த்தி "அருள் நிறைந்த மரியே" என்பான். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஞானபூரணம் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்து ஒப்பேற்றிவிடுவாள். புருஷனுக்கும் பதில் சொன்ன மாதிரி இருக்கும், மகனுக்கும் சொன்ன மாதிரி இருக்கும். அவளுக்கு அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபாதர் வியாகப்பன் சங்கரன்கோவில் பங்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த முதல் மாதமே, நன்மை என்கிற நற்கருணை வாங்க முழங்கால் போடுகிற மரக் கிராதியைப் பெயர்த்து எடுத்துவிட்டார். சர்வேசுரன் போய் கடவுள் வந்தார். பூசை போய் திருப்பலி வந்தது. வாலிபர்கள் சந்தோஷப்பட்டார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். பல்லைக் கடித்தவர்களில் முதல் ஆள் ஜெயசிங். கிராதி இல்லாத வெறுந்தரையிலும் அவர் மட்டும் தடாலென்று முழங்கால் போடுவார். பின்னால் வருகிற வரிசை தடுமாறி நிற்கும்.

நேற்று அவர் சிவகிரித் தறிக்காரர்களுக்குச் சாயச் சரக்கு கொடுக்கப் போயிருந்தார். இங்கே மருமகள் மெற்றில்டாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் ஷரீபா பீவி, பெத்துராஜைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

காலை பஸ்ஸில் ஜெயசிங் வந்து இறங்கினார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருந்தது. பலூன்காரன் பக்கத்தில் பெத்துராஜ் நின்றிருந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"என்னலே?"

"பொம்பளப் பிள்ளப்பா. செத்த நேரம் மூச்சு இருந்துச்சு. பொறவு இல்ல."

ஜெயசிங் அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். "மெற்றில்டா?"

"அவ இருக்கா. ரத்தம் ஏத்தியிருக்கு. அவ அம்மா எளயரசனேந்தல்ல இருந்து வந்துட்டாங்க."

"சேசு மரி சூசை."

இரண்டு பேரும் நடந்தார்கள். மேளச் சத்தம் காதைத் துளைத்தது. ஜெயசிங் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"தண்ணி ஊத்துனாவளா?"

வேறு வீட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இருக்காது. அந்த வீட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சாகக் கிடக்கிற பச்சைப்பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி, ஒரு பேரையும் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். ஊற்றினால் அது மோட்சத்துக்குப் போகும், மந்திரித்த மண்ணில், சாமியார் அர்ச்சித்த கல்லறைத் தோட்டத்துக்குள், கிடக்கும். ஊற்றாவிட்டால் மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் லிம்போ என்று ஓர் இடம். உடம்புக்கு இடம் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே. ஜெயசிங் படித்த ஞானோபதேசம் அப்படி.

"தெரியாதுப்பா. நான் வெளிய நின்னேன். நம்ம அம்மாதான் உள்ள இருந்தா."

"அவகிட்ட கேக்கலியா?"

"எப்படிப்பா கேக்க? அவ இருக்க இருப்புக்கு..." பெத்துராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதெல்லாம் இப்பம் பாக்காண்டாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு. பெத்தவங்க ஞானஸ்நானம் குடுக்கணும்னு நெனச்சிருந்தாலே போதுமாம். உள்ளயே வைக்கலாம், ஜெபமும் உண்டு. இந்த மாதிரி வந்தா வச்சுக்கிடலாம்னு ஆயர்ட்ட முன்னமே அனுமதி வாங்கி வச்சிருக்காராம்."

"யார்ட்ட?"

"ஆயர்ட்ட."

"மேற்றிராணியார்னு சொல்லு."

பிஷப்புக்கு அது பழைய பேர். பெத்துராஜ் அப்பாவைப் பார்த்தான். அழுவதா, கத்துவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "பிள்ள செத்துக் கெடக்குப்பா. எந்தப் பேரு சொன்னா என்ன?"

"பேருலதாம்லே எல்லாம் இருக்கு. தண்ணி ஊத்தாத பிள்ளைய உள்ள வைக்கக் கூடாது. வச்சா நான் வரமாட்டேன்."

"வெளிய வச்சா மெற்றில்டா நம்ம வீட்டுக்கே வரமாட்டாளாம். சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான்."

அப்பாவும் மகனும் நடையைக் கட்டினார்கள். அடைத்துக் கிடந்த சாயக்கடையைத் தாண்டித்தான் போனார்கள். கடைப்பக்கம் ஜெயசிங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஞானபூரணம் புதுத் துண்டில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரியிலிருந்து அதே இருப்பு. கால் மரத்துப்போனது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"அத்த."

"சொல்லு மக்கா."

"வெளிய போட்டா அது தனியால்லா கெடக்கும்?"

"அப்படிப் போடமாட்டாங்கட்டி."

"மாமா போடச் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும்." மெற்றில்டாவின் உதடு வறண்டு வெடித்திருந்தது. "ஒங்க பிள்ளைய அப்படித்தான போட்டாங்க?"

ஞானபூரணம் மடியில் இருந்த துண்டைச் சரிசெய்தாள்.

ஆமாம், அவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு. பெத்துராஜுக்கு முன்னால், தலைப்பிரசவம். அதுவும் பெண்தான், அதுவும் கொஞ்ச நேர மூச்சுத்தான். அப்போது வீட்டுப் பிரசவம். மருத்துவச்சி பதறியதில் யாருக்கும் தண்ணீர் ஞாபகமே வரவில்லை. அன்றைக்கு இருந்த சாமியார் வாசலில் வந்து நின்று, "தண்ணி ஊத்தினியா அம்மா?" என்று கேட்டார். அவள் "இல்ல சாமி" என்றாள். அந்தச் சாமியாரும் கெட்ட மனுஷர் இல்லை. கண்கலங்கிக்கொண்டேதான் சுவருக்கு வெளியே என்று சொன்னார். ஜெயசிங்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேரில்லாத பிள்ளையைப் பற்றி எப்படிப் பேசுவது?

இத்தனையும் பட்டவள், நேற்றாவது ஊற்றினாளா?

இல்லை. வாசகர்களிடம் நான் மறைக்கப் போவதில்லை. டம்ளரில் தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிள்ளை மூச்சு விட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தண்ணீர் தோன்றவில்லை, டாக்டர்தான் தோன்றியது. "டாக்டரம்மா! டாக்டரம்மா!" என்று வராந்தாவில் ஓடினாள். மெற்றில்டாவுக்கு நினைவில்லை. டாக்டரோடு திரும்பி வந்தபோது ஷரீபா பீவி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓடியது தப்பா? பிழைக்கவைக்கத்தானே எந்தப் பொம்பளையும் ஓடுவாள். ராத்திரி முழுக்க ஞானபூரணம் இதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெத்துராஜ் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். மெற்றில்டா ஒரு தரம் துண்டை விலக்கிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அத்த, நீங்க போங்க. உள்ள வச்சாச்சுன்னு நீங்க வந்து சொல்லுங்க. அவங்க யாரு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஃபாதர் வியாகப்பன் வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார். குழந்தைக்கு வெள்ளைதான் போடவேண்டும் என்று புது முறையில் இருக்கிறது. ஜெயசிங் கேட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டிலேயே நின்றார். பெத்துராஜ் பிள்ளையோடு நடுவில் நின்றான். குழி தோண்ட வந்த வெள்ளத்துரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, எங்கன தோண்டணும்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வெயில் ஏறுதுல்லா."

"உள்ளதான்," என்றார் ஃபாதர்.

"தோண்டாத," என்றார் ஜெயசிங்.

வெள்ளத்துரை மண்வெட்டியை மறுபடியும் ஊன்றிக்கொண்டான். "சரிதான், போங்க," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டான்.

ஃபாதர் வெளியே வந்தார். வயது முப்பத்திரண்டுதான். கோவிலில் மைக் பிடித்தால் நிறுத்தாதவருக்கு இப்போது பேச்சு மெதுவாக வந்தது. "ஜெயசிங் அண்ணாச்சி, திருச்சபையே சரின்னு சொல்லிட்டுது. பச்சக் குழந்தய ஆண்டவர் தள்ளுவாரா? நீங்களே சொல்லுங்க."

"தள்ளமாட்டாரா?"

"தள்ளமாட்டார்."

"அப்போ இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால தள்ளுனாரே, அது ஏன் சாமி?"

ஃபாதருக்கு அந்தக் கதை தெரியாது. பெத்துராஜுக்கு அரைகுறையாகத் தெரியும். அப்பா வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

"என் மூத்த பிள்ள. இந்தா, இந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கந்தான் கெடக்கு." ஜெயசிங் கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் விறகு டெப்போ இருந்தது. ஒடைவிறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "சட்டம்னாங்க. சரின்னுட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல சாமி. இந்தக் கையாலதான் கொண்டு வச்சேன். இந்தா நிக்காளே, இவ கத்துனா. சும்மா கெடட்டி, சர்வேசுரனுக்குத் தெரியாதாக்கும்னு அதட்டுனேன். இப்பம் நீங்க வந்து, அது ஒண்ணும் சட்டமில்ல, உள்ளயே வச்சிருக்கலாம்னா... அப்போ நான் அன்னைக்குச் செஞ்சது என்ன?"

"அப்பா," என்றான் பெத்துராஜ்.

"நீ சும்மா இருலே. சாமி சொல்லட்டும். நான் செஞ்சது என்ன?"

ஃபாதர் வியாகப்பன் டெப்போப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அந்த எடத்தையும் நான் மந்திரிச்சுத் தாரேன் அண்ணாச்சி. இன்னைக்கே," என்றார். 'மந்திரித்து' என்ற பழைய வார்த்தை அவர் வாயில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"வெறகத் தூக்குன்னு டெப்போக்காரன்ட்ட போய்ச் சொல்லுவீங்களா?"

 ரோட்டில் தபசுக்குப் போகிற வண்டி ஒன்று நிறைய ஆட்களோடு கூச்சலாகப் போயிற்று. வண்டியிலிருந்தவர்கள் வெள்ளைத் துண்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஞானபூரணம் சுவர் நிழலில் சாய்ந்து நின்றிருந்தாள். புருஷன் சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. சாமியார் சொல்வதும் நியாயம்தான். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவள் கேட்பதும் நியாயம். இத்தனை நியாயத்தையும் ஒரு மனுஷி எப்படித் தூக்கிச் சுமப்பாள்? அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது.

ஜெயசிங் அவள் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை, இல்லை, மூத்த பிள்ளை போன அன்றிலிருந்தே கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டார்.

"ஏட்டி, நீதான உள்ள இருந்த. தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்," என்றாள் ஞானபூரணம்.

யோசித்துச் சொல்லவில்லை. சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை, விளக்கம் சொல்லவும் தெம்பு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தெம்பு மிச்சம் இருந்தது.

ஜெயசிங் அவள் முகத்தையே பார்த்தார். "சத்தியமா?"

"அதான் சொல்லுதேன்லா."

"மூச்சு இருக்கும்போதேயா?"

"மூச்சு இருக்கும்போதுதான்."

"என்ன பேரு வச்ச?"

அதற்குத்தான் அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் பேர் தயாராக இருந்தது. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது, பெண் பிறந்தால் வைக்கலாம் என்று அவளாக முடிவுசெய்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பேர். அவளுக்கு வேறு பேர் யோசிக்கவே வரவில்லை.

"புஷ்பமரியாள்."

ஜெயசிங் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மகனிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "புஷ்பமரியா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.  பெத்துராஜ் எங்கேயோ பார்த்துக்கொண்டு அழுதான்.

ஃபாதர் வியாகப்பன் ஞானபூரணத்தின் பக்கத்தில் வந்தார். அவர் முட்டாள் இல்லை.

"இது தேவையே இல்லையே அம்மா," என்றார் மெதுவாக.

"ஒங்களுக்குத் தேவையில்ல ஃபாதர். அவுகளுக்குத் தேவை."

அவர் வெள்ளத்துரைக்குத் தலையசைத்தார். வெள்ளத்துரை உள்ளே போய் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், சின்னக் கல்லறைகளின் வரிசையில் தோண்டினான். ஜெபம் சொல்லும்போது ஜெயசிங் பழையபடி "பரமண்டலங்களிலே இருக்கிற" என்றுதான் ஆரம்பித்தார். ஃபாதரும் கூடச் சேர்ந்து அதையே சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் அவருக்கு மறந்துபோய்த் தடுமாறியது. ஜெயசிங் எடுத்துக் கொடுத்தார்.

ஞானபூரணம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஒப்பேற்றக்கூட அவளுக்கு வரவில்லை. ஞானஸ்நான விஷயத்தில் பொய் சொன்னவள் ஞாயிற்றுக்கிழமை எப்படி நன்மை வாங்குவாள்? வாங்காவிட்டால் புருஷன் பார்ப்பார். பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பொய்யைச் சொல்லிவிடலாம். பண்ணினாலும் அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கப் போவது இதே ஃபாதர்தான். அது ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருமகளிடம் சொன்னாள். "உள்ள வச்சாச்சு மக்கா. மாதா பக்கத்துல. மாமாதான் மண்ணு போட்டாக."

மெற்றில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் ஞானபூரணம் ஆஸ்பத்திரித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெயசிங் வந்து கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கஞ்சி ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்."

அவர் கண் வாளித் தண்ணீரில் இருந்தது.

"நாளைக்கு அந்த ஷரீபா பீவியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டு வரணும். தண்ணி எடுத்துக் குடுத்தது அவளாத்தான இருக்கும்?"

"அவளுக்கு நாளைக்கு லீவு."

"நாளான்னைக்குப் போறேன்."

அவள் வாளியில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் இறைத்தாள். முதல் பொய்யைவிட இரண்டாவது லேசாக வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பூரணம்," என்றார் ஜெயசிங். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "நீ செஞ்சது பெரிய காரியம். அந்தப் பிள்ள இப்பம் மோட்சத்துல இருக்கும். எனக்குச் சந்தேகமே இல்ல."

"ம்."

"இன்னைக்குத்தான் நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்குச்சு. பாதிப் பாரம்."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள் போகத் திரும்பியவர் படியில் கால் வைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"அன்னைக்கும் நீ இதச் செஞ்சிருக்கலாம்லா."

இத்தனை வருஷமும் அவர் மனசில் இருந்தது இதுதான். ஒரு நாளும் திட்டியதில்லை, ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனாலும் பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் ஒவ்வொரு ராத்திரியும் இதை நினைத்துக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.  அன்றைக்கு வாசலில் நின்று சாமியார் கேட்டதும், அவள் படுத்த பாயிலிருந்தே "இல்ல சாமி" என்றதும் நேற்று நடந்த மாதிரி இருந்தது. "ஊத்துனேன்" என்று சொல்லியிருந்தால் போதும். இன்றைக்குச் சொன்ன அதே ஒரு வார்த்தை. அவள் பிள்ளையும் உள்ளே கிடந்திருக்கும், மேலே விறகு இருந்திருக்காது.

ஐயோ, எவ்வளவு சுலபம்!

"அன்னைக்கு எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

படியில் வைத்த காலை ஜெயசிங் எடுக்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை. முறுக்கிப் பிழிந்த துணியோடு ஞானபூரணம் அப்படியே நின்றாள்.